ஊரில் இருக்க என்ன விலை?

நாகப்பட்டினத்துக் கோட்டை வாசல் ஸ்காட்லாந்தில் இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

நிஜமாகத்தான். ஸ்காட்லாந்தின் வடபகுதியில், ஹைலேண்ட்ஸ் என்கிற மலைநாட்டில், ஆல்னஸ் என்று ஒரு சிறிய ஊர். அதை ஒட்டி ஃபைரிஷ் என்று ஒரு குன்று. உயரம் 453 மீட்டர். உச்சியில் கல்லால் ஆன வளைவுகளும் தூண்களுமாக ஒரு வாசல் நிற்கிறது. அந்தப் பக்கம் போனால் கோட்டையும் இல்லை, ஊரும் இல்லை. வெறும் வாசல். டச்சுக்காரர்களிடமிருந்து 1781-ல் நாகப்பட்டினத்தைப் பிடித்த தளபதி சர் ஹெக்டர் மன்றோ, அந்த வெற்றியின் ஞாபகமாகத் தன் சொந்த ஊர்க் குன்றின் மேல் 1782-ல் கட்டவைத்தது அது.

(இந்த மன்றோ யாரென்றால், அதற்கு முந்தின வருடம் பொள்ளிலூரில் ஹைதர் அலியின் படையிடம் கர்னல் பெய்லி சிக்கிக்கொண்டபோது, சில மைல் தூரத்தில் காஞ்சிபுரத்தில் இருந்தும் நேரத்துக்குப் போய்ச் சேராதவர். கனமான பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பியவர். அந்தச் சம்பவத்துக்கு யாரும் மலை மேல் சின்னம் வைக்கவில்லை!)

வாசலைவிட, அதைக் கட்டிய விதம்தான் சுவாரஸ்யம். அந்த வட்டாரத்தில் இன்றைக்கும் சொல்கிற கதை இது. ஊரில் பஞ்சம், வேலை கிடையாது. ஜனங்களுக்குக் கூலி கொடுப்பதற்காகவே மன்றோ இந்த வேலையை ஆரம்பித்தாராம். கல்லை மேலே தூக்கிக்கொண்டு போக வேண்டும். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டால் கூலியும் நின்றுவிடுமே? அதனால், மேலே போய்ச் சேர்ந்த கற்களைத் திரும்பக் கீழே உருட்டிவிட்டு, மறுபடி தூக்கிவரச் சொன்னாராம். கூடுதல் நாள், கூடுதல் கூலி.

கதை நிஜமோ, கட்டுக்கதையோ, போகட்டும். நீங்கள் அந்தக் கூலிக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேற்று முதுகு ஒடியத் தூக்கிய அதே கல் இன்றைக்கு அடிவாரத்தில் கிடக்கிறது. உங்களுக்கு என்ன தோன்றும்? 'மகராசன், நம்ம வீட்டு அடுப்பு எரியணும்னு நினைக்கிறான்' என்றா? இல்லை, 'நம்மை என்ன மாடு என்று நினைத்தானா?' என்றா?

நான் காமர்ஸ் படித்தவன். எங்கள் லெட்ஜரில் இரண்டு கூலியும் ஒரே தலைப்பில்தான் விழும். ஆனால், மனிதனின் மனசுக்குள் ஒரு லெட்ஜர் இருக்கிறதே, அதில் இரண்டும் வேறு வேறு பக்கம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒருவன் பிறந்து வளர்ந்த ஊரில் பிழைப்பு இல்லை. அவன் அங்கேயே இருந்து பிழைப்பதற்காக, எங்கேயோ இருக்கிற மற்றவர்கள் தங்கள் வரிப் பணத்திலிருந்து செலவு செய்ய வேண்டுமா? 'வேலை எங்கே இருக்கிறதோ அங்கே போ தம்பி' என்று சொன்னால் அது பாவமா? இந்தக் கேள்வியை 60 வருடங்களாக ஒரு அரசாங்க அமைப்பு தினம் தினம் சந்தித்துக்கொண்டிருக்கிறது. அதே ஹைலேண்ட்ஸில்தான்.

முதலில் கொஞ்சம் பழைய கதை.

மலைநாட்டில் குலம் குலமாக வாழ்ந்தார்கள். ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு தலைவன். நிலத்துக்குப் பத்திரம் தலைவன் பெயரில் இருக்கலாம்; ஆனால் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தவனுக்கு அந்த மண்ணில் இருக்க உரிமை உண்டு என்பது ஜனங்களின் நம்பிக்கை. காகிதத்தில் எழுதாத உரிமை. 1746-ல் கல்லோடன் போரில் மலைநாட்டுப் படை தோற்றது. அதற்கு முன்பே மெள்ள மாறிக்கொண்டிருந்த தலைவர்கள், பின்பு வேகமாக நிலச்சுவான்தார்களாக மாறினார்கள். எடின்பரோவில் வீடு, லண்டனில் வீடு. செலவுக்குக் காசு வேண்டும். மனிதர்கள் கொடுக்கிற வாடகையைவிட ஆட்டுப் பண்ணைக்காரன் கொடுக்கிற வாடகை அதிகம். கணக்கு சுலபம்.

சதர்லாண்ட் என்கிற பகுதியில் நடந்தது ரொம்பப் பிரசித்தம். 1814-ல் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் குடும்பங்களை வெளியேற்றினார்கள். திரும்பி வந்துவிடக் கூடாதே என்று கூரைகளுக்குத் தீ வைத்தார்கள். அதை நடத்திய எஸ்டேட் அதிகாரி பேட்ரிக் செல்லர் மீது வழக்குப் போட்டார்கள். 1816-ல் இன்வெர்னஸ் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஆட்டுப் பண்ணைக்கு அந்த நிலத்தைக் குத்தகை எடுத்திருந்தவரும் அவரேதான்!

இதுவரை கேட்டால் சாதாரண வில்லன் கதை. நம்மை நெளியவைக்கிற பகுதி இனிமேல்தான் வருகிறது. அந்த எஸ்டேட்டின் சொந்தக்காரர்களான சதர்லாண்ட் சீமாட்டியும் அவர் கணவரும், ஜனங்களை விரட்டிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. கடற்கரைக்குக் கொண்டுவந்தார்கள். ரோடு போட்டார்கள். துறைமுகம் கட்டினார்கள். ஹெம்ஸ்டேல் என்ற மீன்பிடி ஊரையே உருவாக்கினார்கள். சாராய ஆலை, நிலக்கரிச் சுரங்கம் எல்லாம் வந்தது. பெரும் பணத்தைக் கொட்டினார்கள். அவர்களைக் கேட்டால், 'சோம்பிக் கிடந்த ஜனங்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தோம்' என்றுதான் சொல்லியிருப்பார்கள். அந்தக் காலத்தில் இதற்கு 'இம்ப்ரூவ்மென்ட்' என்று பெயர். இன்றைய அகராதியில் வளர்ச்சித் திட்டம்.

மலைப் பள்ளத்தாக்கில் மாடு மேய்த்தவனிடம், 'நாளையிலிருந்து நீ மீனவன்' என்றார்கள். அவனுக்குப் படகு தெரியாது, கடல் தெரியாது. நல்லதுக்குத்தானே சொல்கிறோம் என்று அவர்கள் உண்மையாகவே நம்பியிருக்கலாம். அதுதான் பயமாக இருக்கிறது.

அதே காலத்தில் ஆடுகளை எதிர்த்து ஜனங்கள் கிளம்பாமல் இல்லை. 1792-ல் ராஸ் பகுதியில், ஆயிரக்கணக்கான ஆடுகளைக் கூட்டமாக ஓட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ராணுவம் வந்தது. முடிந்துவிட்டது. 1886-ல் ஒரு சட்டம் வந்து, 'கிராஃப்டர்' எனப்படும் சிறு குடியானவர்களை இனிமேல் யாரும் இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாது என்றது. நல்ல சட்டம். ஆனால், விரட்டுவதைத்தான் சட்டத்தால் நிறுத்த முடியும். பிழைப்பு இல்லாமல் தானாகக் கிளம்புகிறவனை நிறுத்த முடியுமா? 19-ம் நூற்றாண்டின் நடுவில் நான்கு லட்சத்தைத் தொட்ட மலைநாட்டு ஜனத்தொகை, 1961-ல் இரண்டே முக்கால் லட்சம் அளவுக்கு இறங்கிவிட்டது.

அப்புறம்தான் நம் கதாநாயகன் வருகிறான். ஆள் இல்லை, ஒரு வாரியம்.

1965-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் 'ஹைலேண்ட்ஸ் மற்றும் தீவுகள் வளர்ச்சி வாரியம்' அமைக்கும் மசோதா வந்தது. கொண்டுவந்தவர் ஸ்காட்லாந்து விவகார அமைச்சர் வில்லி ராஸ். இருநூறு வருடங்களாக ஸ்காட்லாந்தின் மனசாட்சியை உறுத்திக்கொண்டிருக்கிறவன் இந்த மலைநாட்டு மனிதன் என்ற பொருளில் அவர் அன்று பேசினார். கவனியுங்கள். கச்சா எண்ணெய் இருக்கிறது, மரம் இருக்கிறது, லாபம் வரும் என்று ஆரம்பிக்கவில்லை. மனசாட்சி என்று ஆரம்பித்தார். ஒரு அரசாங்கம் பண விஷயத்தில் மனசாட்சியைப் பற்றிப் பேசுவது அபூர்வம். பேசியதற்கு பட்ஜெட்டும் ஒதுக்குவது அதைவிட அபூர்வம்.

சட்டத்தில் வாரியத்தின் நோக்கம் என்று ஒரு வாக்கியம். அதில் இரண்டு காரியங்களைச் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள். ஒன்று, அந்த மக்கள் தங்கள் பொருளாதார, சமூக நிலைமையை உயர்த்திக்கொள்ள உதவுவது. இன்னொன்று, தேசத்தின் வளர்ச்சியில் அந்தப் பகுதி இன்னும் நன்றாகப் பங்கெடுக்கும்படி செய்வது. படிக்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. இரண்டும் மோதினால்? தேசத்துக்கு அந்த இடம் வேண்டும், அந்த மனிதர்கள் அப்படியொன்றும் அவசியமில்லை என்று ஆனால்? சதர்லாண்ட் சீமாட்டியும்கூட இரண்டாவது நோக்கத்தை நிறைவேற்றியவர்தானே!

வாரியத்தின் முதல் தலைவர் ராபர்ட் கிரீவ், நகரமைப்புப் பேராசிரியர். வேறு எங்கே ஜெயித்தாலும் சரி, கிராஃப்டர்கள் வாழும் பகுதிகளில் ஜனங்களைத் தக்கவைத்துக்கொள்ள முடிந்ததா என்பதை வைத்துத்தான் வாரியத்தை எடைபோடுவார்கள் என்று தங்கள் ஆரம்ப அறிக்கையிலேயே சொல்லிவிட்டார்கள். எனக்கு இந்த அளவுகோல் ரொம்பப் பிடித்திருக்கிறது. எத்தனை கோடி செலவழித்தோம், எத்தனை ஃபாக்டரி திறந்தோம் என்பதில்லை. கடைசி வீட்டில் விளக்கு எரிகிறதா?

பிடித்திருக்கிறது என்பதற்காக, அதன்படியே நடந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. மீனவர்களுக்குப் படகு வாங்கக் கடன், சிறு ஹோட்டல்களுக்கு மானியம், கைத்தொழில் கூடங்கள் என்று ஒரு பக்கம் சின்னச் சின்ன வேலைகள். இன்னொரு பக்கம், அந்தக் காலத்து மோகப்படி, பெரிய ஆலைகள். ஃபைரிஷ் குன்றின் உச்சியில் நின்று கீழே பார்த்தால் கடல் கழி தெரியும். அதன் கரையில் இன்வர்கார்டன். அங்கே 1971-ல் ஒரு அலுமினிய ஆலை வந்தது. வாரியம் மும்முரமாக ஆதரித்த வளர்ச்சி அந்தக் கரையில் நடந்ததுதான். வெளியூர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். புதுசு புதுசாக வீடுகள். அலுமினியம் உருக்க மின்சாரம் ஏராளமாக வேண்டும். எங்கேயோ தெற்கே கட்டிக்கொண்டிருந்த ஹன்டர்ஸ்டன் அணுமின் நிலையத்தின் மலிவான மின்சாரத்தை நம்பிக் கணக்குப் போட்டிருந்தார்கள். நிலையம் தாமதமானது. மின்சாரம் மலிவாக இல்லை. 1981 டிசம்பரில் ஆலையை மூடினார்கள். சுமார் 900 பேருக்கு வேலை போயிற்று. பத்தே வருடம்!

முடிவை எடுத்தது கம்பெனி. குன்றுக்குக் கீழே இருந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. மன்றோவாவது கல்லைத் தானே உருட்டினார். இங்கே உருட்டியது யார் என்றுகூடத் தெரியவில்லை.

இந்த இடத்தில் பொருளாதாரம் படித்தவர் ஒருவர் கனைத்துக்கொண்டு எழுந்திருப்பார். "இதைத்தான் சொல்கிறேன். ஒரு தீவில் எண்பது பேர். அவர்களுக்கு ஒரு படகு சர்வீஸ், ஒரு பள்ளிக்கூடம், ஒரு நர்ஸ், கடலுக்கு அடியில் ஒரு கேபிள். ஆளுக்கு என்ன செலவு ஆகிறது என்று வகுத்துப் பாருங்கள். அந்தப் பணத்தை அவர்கள் கையில் கொடுத்து, நகரத்தில் ஒரு வீடும் வேலையும் பார்த்துக் கொடுத்தால் அவர்களுக்கும் நல்லது, வரி கட்டுகிறவனுக்கும் நல்லது. மண்ணுக்கு எதற்கு மானியம்? மனிதனுக்குக் கொடுங்கள்."

லேசான வாதமில்லை. சிரித்துத் தள்ளிவிட முடியாது. வகுத்துப் பார்த்தால் அவர் சொல்வது பல சமயம் சரியாகத்தான் வரும்.

அப்படிச் செய்தும் பார்த்திருக்கிறார்கள். அட்லாண்டிக் கடலில் செயின்ட் கில்டா என்று ஒரு தீவு. கடற்பறவைகளைப் பிடித்துத் தின்று நூற்றாண்டுகளாக வாழ்ந்த ஜனங்கள். கடைசியில் 36 பேர்தான் மிச்சம். எங்களை அழைத்துப் போய்விடுங்கள் என்று அவர்களே அரசாங்கத்துக்கு மனு எழுதினார்கள். 1930 ஆகஸ்ட் 29-ம் தேதி கப்பல் வந்தது. வீட்டுக்கு வீடு ஒரு பைபிளைத் திறந்து வைத்து, பக்கத்தில் கொஞ்சம் தானியத்தையும் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். அவர்களில் பல ஆண்களுக்கு அரசாங்கம் எந்த இலாகாவில் வேலை கொடுத்தது தெரியுமா? வன இலாகாவில். செயின்ட் கில்டாவில் மரமே கிடையாது!

நான் இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. கொடுத்தது நல்ல வேலைதான், சம்பளமும் உண்டு. ஆனால், 'மனிதனை வேலை இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோவது' என்று எழுதும்போது, மனிதனை ஒரு பார்சல் மாதிரி நினைத்துக்கொள்கிறோம். இங்கே எடுத்து அங்கே வைத்தாலும் உள்ளே இருப்பது அப்படியே இருக்கும் என்று. பாறை உச்சியில் கயிற்றில் தொங்கிப் பறவை பிடிக்கத் தெரிந்தவனிடம் இருந்த திறமை எல்லாம் கப்பல் ஏறிய அன்றே செல்லாக் காசு. ஊர் என்பது வெறும் விலாசம் இல்லை. ஒருவனுக்குத் தெரிந்ததற்கெல்லாம் மதிப்பு இருக்கிற இடம் அது. இதை எந்தத் தலைப்பில் எழுதுவது? எங்கள் காமர்ஸ் புத்தகத்தில் 'குட்வில்' என்று ஒன்று உண்டு. கண்ணால் பார்க்க முடியாத சொத்து. கம்பெனியை விற்கும்போது அதற்கும் விலை போடுவோம். ஊரைக் கலைக்கும்போது மட்டும் அது பூஜ்யமாகிவிடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1840-லிருந்து பிரிட்டனில் ஒரு கடிதத்துக்கு எங்கே அனுப்பினாலும் ஒரே தபால் கட்டணம். பக்கத்துத் தெருவுக்கும் அதே, கடைக்கோடித் தீவுக்கும் அதே. லாப நஷ்டப்படி பார்த்தால் பைத்தியக்காரத்தனம். ஆனால், நீயும் இந்த நாட்டுக்காரன்தான் என்று ஒருவனிடம் சொல்வதற்கு இதைவிட மலிவான வழி கிடையாது. (தனியார் கூரியர்கள் ஹைலேண்ட்ஸுக்குத் தனியாகக் கூடுதல் கட்டணம் கேட்பதுதான் அங்கே இன்றைக்கும் பெரிய புகார்.)

ஆனால், இதையெல்லாம்விடக் கடினமான ஆட்சேபம் ஒன்று உண்டு. அதைப் பொருளாதார நிபுணர் சொல்ல மாட்டார். கிளாஸ்கோ நகரத்தில் ஒண்டுக்குடித்தனத்தில் இருக்கிற ஒரு கூலித் தொழிலாளி சொல்வார். "ஐயா, எனக்கே வீடு ஒழுகுகிறது. நான் கட்டுகிற வரியில் தீவுக்காரனுக்குப் படகா? இருநூறு வருடத்துக்கு முன்னால் அவன் பாட்டனை விரட்டியது நானா?"

அவர் விரட்டவில்லை. இன்னும் வேடிக்கை, விரட்டப்பட்டு கிளாஸ்கோவுக்கு ஓடிவந்த குடும்பத்தின் பேரனாகவே அவர் இருக்கலாம்! விரட்டப்பட்டவர்களில் பெரும்பகுதி கனடாவுக்கும் தெற்கத்தி நகரங்களுக்கும் போய்விட்டது. தப்பித் தங்கியவர்களின் வம்சத்துக்கும், பிற்பாடு அழகான ஊரென்று இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும்தான் மானியம் கிடைக்கிறது. ஆக, வில்லி ராஸ் சொன்ன அந்த மனசாட்சிக் கடனை, கடன் வாங்காதவன் கட்டுகிறான், கொடுக்காதவன் வாங்கிக்கொள்கிறான். நாகப்பட்டினத்தைக் கொண்டுபோய்க் குன்றின் மேல் வைத்தார்களே, அந்தக் கணக்கையும் எடுத்தால் வரிசை இன்னும் நீளும். மன்றோ தன் எஸ்டேட்டை அலங்கரித்த செல்வம் இந்தியாவில் சேர்த்தது. அதற்கு யார் யாருக்குக் கடன்?

அதனால், பழைய கடன் என்ற காரணம் எனக்கு நிற்காது. மனம் இளகுவதற்கு அது போதும். மாதா மாதம் பணம் கொடுப்பதற்குப் போதாது. எனக்கு நிற்கிற காரணம் வேறு.

நகரத்துக்கு வந்தவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்களும் அவர்களில் ஒருவராக இருக்கலாம். ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் சிலர், 'படிக்க ஆசை, உலகத்தைப் பார்க்க ஆசை, ஊரில் மூச்சு முட்டியது' என்பார்கள். சிலர், 'என்ன செய்வது, வேறு வழியில்லை' என்பார்கள். பஸ் ஒன்றுதான், டிக்கெட் விலையும் ஒன்றுதான். ஆனால், முதல் ஆள் ஊரை விட்டுப் போனார். இரண்டாவது ஆளை ஊர் துப்பிவிட்டது. வித்தியாசம் எங்கே இருக்கிறது? இருக்கலாம் என்றும் ஒரு வழி இருந்ததா என்பதில் இருக்கிறது. இருக்க முடியாத இடத்திலிருந்து கிளம்புகிறவனைப் பார்த்து, 'அவன் விருப்பப்பட்டுத்தான் போனான்' என்று சொல்வது, கூரையில் தீயை வைத்துவிட்டு, 'வாசல் வழியாகத் தன் காலால்தான் நடந்து போனான்' என்று சொல்வது மாதிரி.

ஊரிலேயே இருப்பது புண்ணியம் என்று நான் சொல்லவில்லை. மலைநாட்டு இளைஞர்கள் பாதிப் பேர் கிளம்பத்தான் துடிப்பார்கள், கிளம்பட்டும், வாழ்த்துகள். பொதுப் பணம் அவர்களைக் கட்டிப்போடுவதற்கு இல்லை. இருப்பது, போவது இரண்டில் ஒன்றை அவர்களே பொறுக்கி எடுக்கிற நிலைமையை உண்டாக்குவதற்கு. கிளாஸ்கோ தொழிலாளிக்கும் இதே உரிமை உண்டு. ஒழுகுகிற வீட்டை விட்டுப் போகத்தான் வேண்டும் என்றில்லாமல், அந்தத் தெருவிலேயே நல்ல வீட்டில் இருக்க. அதையும் கேட்க வேண்டும். தீவுக்காரனின் படகை நிறுத்துவதால் அவர் கூரை ஒழுகாமல் இருக்கப்போவதில்லை.

சரி, பொறுக்கி எடுக்கிற அதிகாரம் என்று சொல்லிவிட்டேன். அது எங்கிருந்து வரும்? வாரியம் இதைப் புரிந்துகொள்ளப் பல வருடம் பிடித்தது. ராசே தீவின் கதையைக் கேளுங்கள். தெற்கே ரொம்ப தூரத்தில் வசித்த ஒரு டாக்டரிடம் அந்தத் தீவின் முக்கியமான நிலங்களும் கட்டடங்களும் இருந்தன. படகுத்துறைக்கு நிலம் கேட்டால் தரமாட்டேன் என்று வருடக்கணக்கில் முட்டுக்கட்டை. ஜேம்ஸ்பாண்ட் பட வில்லன் பெயரில், 'டாக்டர் நோ' என்றே பத்திரிகைகள் அவரை அழைத்தன. நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்த வாரியத்துக்குச் சட்டத்தில் அதிகாரம் இருந்தது. ஆனால், அந்த அதிகாரம் பரணில் கிடந்த வாளாகவே இருந்துவிட்டது. பணம் கொடுக்கத் தெரிந்த வாரியத்துக்கு, நிலம் யாருடையது என்று கேட்கத் துணிச்சல் வரவில்லை. அது கேட்காத வரைக்கும் மற்றதெல்லாம் கல் உருட்டல்தான் என்பது என் அபிப்பிராயம்.

1991-ல் வாரியம் போய், அதன் இடத்தில் 'ஹைலேண்ட்ஸ் அண்ட் ஐலண்ட்ஸ் என்டர்பிரைஸ்' என்ற அமைப்பு வந்தது. கேள்வியை முதலில் கேட்டது அது இல்லை, ஜனங்கள். 1993-ல் அசின்ட் பகுதி கிராஃப்டர்கள் உண்டியல் குலுக்கி, தாங்கள் குடியிருந்த எஸ்டேட்டையே விலைக்கு வாங்கினார்கள். 1997 ஜூன் 12-ம் தேதி எக் தீவுவாசிகள் (முட்டை இல்லை, தீவின் பெயரே அதுதான்!) பதினைந்து லட்சம் பவுண்டு கொடுத்துத் தங்கள் தீவைத் தாங்களே வாங்கிக்கொண்டார்கள். அதுவரை, ஆட்களோடு சேர்த்துக் கைமாறிக்கொண்டிருந்த தீவு அது. இருந்தவர்கள் அறுபது சொச்சம் பேர். ஆயிரக்கணக்கானவர்கள் நன்கொடை அனுப்பினார்கள். பெரும்பங்கை, பெயர் சொல்ல விரும்பாத ஒரு பெண்மணி கொடுத்தார். அந்த வருடமே அரசு அமைப்பும் விழித்துக்கொண்டு, ஊர் மக்கள் நிலம் வாங்க உதவுவதற்கென்றே தனிப் பிரிவு ஆரம்பித்தது.

அந்தப் பிரிவு கைகொடுத்த கீயா தீவைப் பாருங்கள். 2002 மார்ச் 15-ம் தேதி ஊர் மக்களின் அறக்கட்டளை தீவை வாங்கியது. விலை சுமார் நாற்பது லட்சம் பவுண்டு. பெரும்பகுதி பொதுப் பணம். ஆனால், ஒரு நிபந்தனை: அதில் பத்து லட்சத்தை இரண்டு வருடத்துக்குள் திருப்பிக் கட்ட வேண்டும். நூறு பேர்கூட இல்லாத ஊர் அது! கொடுமை என்று தோன்றுகிறதா? எனக்கும் முதலில் தோன்றியது. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இத்தனை காலமும் தீவின் எஜமானர்கள் குடியிருந்த மாளிகையை விற்றார்கள். மீதிக்கு ஓடியாடிப் பணம் திரட்டினார்கள். 2004-ல் பத்து லட்சத்தையும் கட்டி முடித்தார்கள்.

அதே வருடக் கடைசியில் மூன்று காற்றாலைகளை நிறுத்தினார்கள். புத்தம் புதுசு இல்லை, செகண்ட்ஹேண்ட்! மானியம், கடன், பங்கு முதலீடு என்று மூன்றும் கலந்த பணம். அரசு அமைப்பும் பங்கு போட்டது. மானியம் கொடுத்தவன் கொடுத்த மறுநாள் மறந்துவிடலாம். கடன் கொடுத்தவன் தவணை தேதிக்குத்தான் நினைத்துக்கொள்வான். பங்கு போட்டவன் கூட உட்கார்ந்தே ஆக வேண்டும். மின்சாரம் விற்ற காசு ஒழுகுகிற வீடுகளைப் பழுதுபார்க்கப் போனது. காற்றாலைகளுக்கு அவர்கள் மொழியான கேலிக்கில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கூடினார்கள். ஜனத்தொகை நூற்றைம்பதைத் தாண்டியது.

அப்புறம் சுபம் என்று கார்டு போட்டுவிடாதீர்கள். சில வருடங்களில் அந்த அறக்கட்டளை பெரிய கடனில் மாட்டிக்கொண்டது. ஊருக்குள் சண்டை, குற்றச்சாட்டு. நிலம் கைக்கு வந்தால் அதைப் பற்றிய சச்சரவும் கைக்கு வரும்தானே? முன்பெல்லாம் திட்டுவதற்கு ஒரு எஜமானர் இருந்தார். இப்போது பக்கத்து வீட்டுக்காரரைத்தான் திட்ட வேண்டியிருக்கிறது. ஹைலேண்ட்ஸ் மொத்தத்தில் ஜனங்கள் குறைவது நின்று, கூட ஆரம்பித்தது என்றாலும், கிரீவ் வைத்த கடுமையான அளவுகோலில் பார்த்தால் பாஸ் மார்க் சந்தேகம்தான். கடைக்கோடியில் இருக்கிற மேற்குத் தீவுகளில் 2011-ல் ஏறக்குறைய 27,700 பேர். 2022-ல் சுமார் 26,100. பல இடங்களில் இன்றைக்கு வேலை இருக்கிறது, வீடு இல்லை. அழகான ஊராயிற்றே, காலியாகிற வீட்டை எல்லாம் விடுமுறைக்கு வந்து தங்குகிறவர்கள் வாங்கிவிடுகிறார்கள். உள்ளூர்ப் பையன் கல்யாணம் பண்ணிக்கொண்டு குடியேற இடமில்லை. ஆட்டுக்காக வெளியேற்றியது அந்தக் காலம்.

கடைசியாக மெல்னஸ் என்ற ஊர். வடகோடியில், கடலை ஒட்டி இருக்கிறது. ஸ்ட்ராத்நேவரில் கூரை எரிந்து வெளியேறியவர்கள் அந்தக் கரையோரம்தான் வந்து ஒதுங்கினார்கள். 1995-ல் அங்கே நிலச்சொந்தக்காரர் காசு வாங்காமலே எஸ்டேட்டைக் கிராஃப்டர்களிடம் ஒப்படைத்துவிட்டார். அந்த நிலத்துச் சதுப்புக்காட்டில் ராக்கெட் தளம் அமைக்கலாம் என்று சில வருடங்களுக்கு முன்னால் திட்டம் வந்தது. ஆதரவு, அதே அரசு அமைப்பு. வேலை வரும், பிள்ளைகள் ஊரில் இருப்பார்கள் என்றது ஒரு கட்சி. சதுப்பும் பறவையும் அமைதியும் போய்விடும் என்றது இன்னொரு கட்சி. பக்கத்தில் ஏராளமான நிலம் வைத்திருக்கும் டேனிஷ் கோடீஸ்வரரின் நிறுவனம் கோர்ட்டுக்குப் போய், 2021-ல் தோற்றது.

கிராஃப்டர்கள் ஓட்டுப் போட்டார்கள். கசப்பான ஓட்டு. வரட்டும் என்றது பெரும்பான்மை. 2023-ல் வேலை ஆரம்பமானது. 2024 டிசம்பரில் ராக்கெட் கம்பெனி, இங்கே கட்டுமானத்தை நிறுத்திவைக்கிறோம், ஷெட்லாண்ட் தீவிலிருந்து ஏவப்போகிறோம் என்று அறிவித்துவிட்டது.

இன்வர்கார்டன் மாதிரியே ஆகிவிட்டதே என்பீர்கள். பாதி அப்படித்தான். ஆனால், கம்பெனி வந்தது குத்தகைக்கு; நிலம் கிராஃப்டர்கள் பெயரிலேயே இருக்கிறது. ராக்கெட் வேண்டும் என்றவர்களும் வேண்டாம் என்றவர்களும் அதே ஊரில்தான் இருக்கிறார்கள். அடுத்து யாராவது ஒரு திட்டத்தோடு வந்தால் அந்த ஊர்க் கூட்டத்தில்தான் வந்து பேச வேண்டும்.